செவ்வாய்க்கு எத்தனை அடி?

நொய்டாவில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு நவம்பர், டிசம்பர் என்றால் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று புகை. இன்னொன்று பள்ளிக்கூட ப்ராஜெக்ட். எங்கள் செக்டார் ஸ்டேஷனரி கடையில் 'சோலார் சிஸ்டம் தேதோ பையா' என்றால் போதும். ஒன்பது தெர்மோகோல் உருண்டை, கம்பி, பெயிண்ட் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வந்துவிடும். மஞ்சள் அடித்த பெரிய உருண்டை சூரியன். மிச்சம் எட்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கும் குழந்தைக்கு வியாழன் என்பது பக்கத்து ஃப்ளாட் மாதிரிதான் தோன்றும்.

எங்கள் வீட்டிலும் 2024 டிசம்பரில் அந்தப் பாக்கெட் வந்தது. பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. பெரியவள் ஹிந்தியில் கடகடவென்று ஒப்பித்தாள்: புத், ஷுக்ர, ப்ருத்வி, மங்கல், ப்ருஹஸ்பதி, ஷனி, அருண், வருண். (யுரேனஸுக்கு ஹிந்தியில் அருண், நெப்டியூனுக்கு வருண். அவள் கிளாஸிலேயே ஒரு அருணும் ஒரு வருணும் இருக்கிறார்கள், இரண்டு பேரும் கடைசி பெஞ்ச்!) ஆங்கிலத்திலும் சொன்னாள். தமிழில் சொல்லு என்றால் முழித்தாள்.

முழிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். கிழமைகளைத் தமிழில் சொல்லத் தெரிந்த குழந்தைக்குப் பாதி சூரியக் குடும்பம் தெரிந்த மாதிரிதான். ஞாயிறு சூரியன். திங்கள் நிலா. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஐந்தும் கோள்கள். ஏழு கிழமையும் வானத்தில் இருக்கிறது. செவ்வாய் என்றால் சிவப்பு, வெள்ளி என்றால் வெளேர் என்று இருப்பது. பேரிலேயே அடையாளம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 'மண்டே'வில் இருந்து 'மூன்' எடுப்பதைவிட 'திங்கள்' எடுப்பது சுலபமில்லையா? சின்னவன் கிழமைகளைத் தமிழில் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான். தமிழ் வகுப்பு எடுக்கிறேன் என்று உட்கார வைத்திருந்தால் ஓடியிருப்பான்.

அப்போது என் அம்மா கும்பகோணத்திலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தார். குளிருக்கு பயந்து நடு ஹாலில் ஹீட்டர் பக்கத்திலேயே குடியிருப்பு. பேத்தி எட்டு கோள் ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டு, "எட்டா? ஒன்பதுடீ கண்ணு" என்றார். ஆரம்பித்தது பஞ்சாயத்து.

பெரியவள் பேப்பர் எடுத்து இரண்டு லிஸ்ட்டையும் எழுதினாள். பாட்டியின் ஒன்பதில் சூரியன் நட்சத்திரம், சந்திரன் பூமியைச் சுற்றும் துணைக்கோள், இரண்டையும் அடித்தாள். ராகு, கேது? இது என் வேலையாக வந்தது. நிலாவின் பாதையும் வானத்தில் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள் ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கிரகணம். பாம்பு விழுங்குகிறது என்று கதை வந்தது அதனால்தான். பொருள் இல்லை, இடம். ஆக நாலு போச்சு, மிச்சம் ஐந்து. அதோடு பாட்டி லிஸ்ட்டில் இல்லாத பூமி (அதன் மேல் நின்றுகொண்டுதானே மற்றதைப் பார்க்கிறோம்), 1781-ல் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், 1846-ல் முதலில் கணக்கில் அகப்பட்டு பிறகு தொலைநோக்கியில் அகப்பட்ட நெப்டியூன். எட்டு, கணக்கு சரி. ப்ளூட்டோ 2006 ஆகஸ்ட் 24 அன்று ப்ராக் நகரத்தில் ஓட்டுப் போட்டு குள்ளக்கோள் ஆக்கப்பட்டதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "கிரகத்துக்கும் எலெக்‌ஷனா?"

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் நவக்கிரக சன்னதியில் சூரியன் நடுவில் நிற்பார். அதை வைத்து உடனே 'நம் முன்னோர்கள் அப்பவே' என்று ஃபார்வர்டு தயாரிக்க வேண்டாம். ஆனால் அம்மாவின் ஜோசியப் பேச்சுக்குள் நிஜமான வானியல் நிறைய ஒளிந்திருக்கிறது, அது வேறு. சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம் என்பார். பன்னிரண்டு ராசி, முப்பது வருஷம். புத்தகத்தில் சனியின் சுற்றுக்காலம் 29.5 வருஷம். ஏழரைச் சனியின் ஏழரை என்பதே மூன்று இரண்டரை. சனைச்சரன் என்றால் மெதுவாகப் போகிறவன் என்று அர்த்தம். குரு வருஷத்துக்கு ஒரு ராசி, அதனால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு மகாமகம். 1992, 2004, 2016 என்று கும்பகோணத்துக்காரர்கள் வயசையே மகாமகத்தில்தான் கணக்குப் போடுவார்கள். அடுத்தது 2028. வியாழனின் சுற்றுக்காலம் 11.86 வருஷம். அந்த ஜனவரியில் என் ஆபீஸில் பாதிப் பேர் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு லீவ் போட்டார்கள். அதுவும் இதே வியாழன் ரிஷபத்துக்கு வந்ததால்தான். ராத்திரி மொட்டை மாடிக்குப் போனால் ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று நின்றது. இத்தனை பேருக்கு லீவ் வாங்கிக்கொடுத்தவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டாமா என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

இப்படி எல்லாம் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் பெரியவள் கேட்டாள். "அப்பா, எனக்கு மங்கல் இருக்காமே? பாட்டி ஃபோன்ல சொன்னாங்க. மங்கல்னா மார்ஸ்தானே? அது எப்படி எனக்கு இருக்கும்?"

கிச்சனில் தங்கமணி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எனக்கு எட்டு வயது மூத்த அக்கா. எனக்கு வானத்தைக் காட்டியதே அவள்தான். 1988 செப்டம்பரில் செவ்வாய் பூமிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தபோது, கும்பகோணம் வீட்டு மொட்டை மாடியில் என்னை உட்கார வைத்து, "அதோ பாரு, மினுக்காம நிக்குது பாரு செகப்பா, அதான்" என்று காட்டினாள். அதே அக்காவின் ஜாதகத்தில்தான் செவ்வாய் தோஷம். பையன் வீட்டார் வருவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், ஜாதகம் கேட்பார்கள், போய்விடுவார்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு எத்தனை செவ்வாய்க்கிழமை போனோம் என்று கணக்கில்லை. முப்பத்தைந்து வயசில் அவளே "போதும்மா" என்று சொல்லிவிட்டாள். இன்றைக்குத் தஞ்சாவூரில் டீச்சர், சொந்த வீடு, ஸ்கூட்டி, தன் இஷ்டத்துக்கு வாழ்கிறாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

அம்மா அந்த முறை வரும்போது பேத்தியின் ஜாதகத்தைப் புதுசாகக் கணித்து எடுத்து வந்திருந்தார். பதினோரு வயசுக் குழந்தைக்கு. மஞ்சள் தடவிய நோட்டு, பெட்டிக்குள். நான் கோபமாகக் கேட்டபோது மெதுவாகத்தான் சொன்னார்: "நான் ஒருத்தியைப் பார்த்தாச்சுடா. இன்னொருத்திக்கு முன்னாடியே தெரிஞ்சா ஏதாவது பண்ணலாமேன்னுதான்." இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குத் தெரியவில்லை. அவர் பயத்தில் கொஞ்சம்கூடப் பொய் இல்லை.

பெரியவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. செவ்வாய் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம், அப்புறம் உனக்கு இருக்கிறதா என்று பேசலாம் என்றேன். தெர்மோகோலை ஓரம் கட்டிவிட்டு நிஜ அளவில் ஒன்று செய்வது என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டிலும் செய்யலாம், செலவு ஐம்பது ரூபாய் ஆகாது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

சின்னவனின் பாஸ்கெட்பால் சூரியன். குறுக்களவு 24 செ.மீ. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 58,000 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் பூமி 2.2 மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகு. வெள்ளி இன்னொரு கடுகு. புதன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ரவையில் ஒன்று பொறுக்கினோம். செவ்வாய் 1.2 மில்லிமீட்டர், கசகசா. வியாழன் இரண்டரை சென்டிமீட்டர், சின்ன நெல்லிக்காய். சனிக்கு இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இங்கே குளிர்காலத்தில் தள்ளுவண்டியில் 'பேர்' என்று விற்கும் இலந்தைப்பழம். வளையத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை வட்டமாக வெட்டி மாட்டினோம். யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் கொண்டைக்கடலை. எல்லாவற்றையும் அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்தே பாட்டிதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டி, ஐஸ்க்ரீம் குச்சி செருகினால் ரெடி.

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனி விலகி வெயில் வந்த நேரம். பாஸ்கெட்பாலை எங்கள் பிளாக் படிக்கட்டில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தோம். அம்மாவும் ஸ்வெட்டர், மஃப்ளர், ஷால் சகிதம் கூட வந்தார். என் அடி ஒன்று சுமார் 65 செ.மீ. பதினைந்தாவது அடியில் புதன். இருபத்தொன்பதில் வெள்ளி. நாற்பதாவது அடியில் பூமி. திரும்பிப் பார்த்தால் 26 மீட்டர் தள்ளி ஆரஞ்சு நிறப் பந்து. அட்டையில் ஒரு கடுகு. அந்தக் கடுகுக்குள் நொய்டா, கும்பகோணம், ஆபீஸ், அப்ரைசல் எல்லாம். நிலா அதிலிருந்து ஆறரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு பொட்டுத் தூள். மனிதன் போய்வந்த அதிகபட்ச தூரம் அந்தப் பக்கம்தான். வெளிச்சம் இந்த 26 மீட்டரைக் கடக்க எட்டு நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர், கொஞ்சம் அவசரமாக ஓடும் எறும்பின் வேகம். "லைட் இவ்ளோ ஸ்லோவா?" என்று சின்னவனுக்கு ஒரே ஏமாற்றம்.

அறுபதாவது அடியில் செவ்வாய். அம்மா அந்த அட்டையைத் தானே வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார். பூமியில் பாதி குறுக்களவுதான் பாட்டி என்றாள் பெரியவள். மங்கள்யான் பூமியிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேரப் பத்து மாசத்துக்கு மேல் ஆயிற்று என்று நான் சொன்னேன். 2013 நவம்பர் 5 கிளம்பி 2014 செப்டம்பர் 24 போய்ச் சேர்ந்தது, அந்தத் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கிளம்பின அன்றைக்குக் கிழமைகூட செவ்வாய்தான். "எத்தனை மணிக்குக் கிளம்பித்து?" என்றார் அம்மா. 2.38. "செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூணு மணிக்குத்தான். நல்ல நேரத்துலதான் விட்டிருக்கா." எனக்குப் பேச்சு வரவில்லை!

நடுவில் ஒரு விஷயம். செவ்வாய் வரைக்கும் எல்லாம் கூப்பிடு தூரம். அதற்கப்புறம்தான் வெறுமை ஆரம்பிக்கிறது. வியாழனுக்கு 206 அடி, எங்கள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாயிற்று. சனிக்கு 380 அடி, ஏ.டி.எம். வாசல். அங்கே ட்ராஃபிக் சிக்னலில் சனிக்கிழமைதோறும் ஒரு பையன் எண்ணெய்ப் பாத்திரத்தில் சனி உருவத்தை வைத்துக்கொண்டு காசு கேட்பான், அதைச் சின்னவன் ஞாபகப்படுத்தினான். யுரேனஸ் 760 அடி. நெப்டியூனுக்கு ஏறக்குறைய 1,190 அடி, மதர் டெய்ரி பூத்தும் தாண்டி. பாஸ்கெட்பால் எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. முக்கால் கிலோமீட்டர் நடையில் எங்கள் கையில் இருந்தது ஒரு ரவை, இரண்டு கடுகு, ஒரு கசகசா, ஒரு நெல்லிக்காய், ஒரு இலந்தை, இரண்டு கொண்டைக்கடலை. மிச்சமெல்லாம் காலி. அடுத்த நட்சத்திரத்துக்கு எத்தனை அடி என்று கேட்டாள். இதே அளவில் சுமார் 6,900 கிலோமீட்டர், லண்டனைத் தாண்டிப் போக வேண்டும். நல்லவேளை, யாரும் நடக்கலாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது எனக்குள் ஒரு நப்பாசை. அம்மா கசகசாவைப் பார்த்துவிட்டார், இனி மனசு மாறிவிடும் என்று. வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, "இந்தக் கசகசாவுக்கா அக்கா பன்னிரண்டு வருஷம்..." என்று இழுத்தேன். அம்மா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அளவைப் பார்த்து என்னடா சொல்ல முடியும்? விஷம் எத்தனூண்டு இருந்தா போதும்?"

தங்கமணி சிரித்துவிட்டாள். வாதத்தில் அம்மாவை ஜெயித்தவர்கள் எங்கள் வம்சத்தில் கிடையாது.

ஆனால் பெரியவள் விடவில்லை. தோஷம் என்றால் கண்டிஷன் என்ன பாட்டி என்று கேட்டாள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-ம் வீட்டில் செவ்வாய் இருந்தால் என்று பாட்டி விரல் விட்டுச் சொன்னார். "மொத்தம் பன்னெண்டு வீடு. அதுல அஞ்சா? அப்ப எங்க கிளாஸ்ல நாப்பது பேர்ல பதினாறு, பதினேழு பேருக்கு இருக்குமே?" சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும்கூடப் பார்ப்பார்கள் என்றார் பாட்டி. மூன்றையும் சேர்த்தால் கணக்குப்படி ஐந்தில் நாலு பேருக்கு வந்துவிடும் என்று நான் கால்குலேட்டரைத் தட்டிச் சொன்னேன். விதிவிலக்கெல்லாம் இருக்குடா, எல்லாருக்கும் அப்படிச் சொல்லிட மாட்டா என்றார் அம்மா. பெரியவள் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப இல்லாதவங்கதான் பாட்டி கம்மி" என்று சொல்லிவிட்டு ஹோம்வொர்க் செய்யப் போய்விட்டாள். அவள் வரையில் பிரச்சினை முடிந்தது. அம்மா அன்றைக்கு ராத்திரி டி.வி. போடவில்லை.

அந்த மாசம் வானம் எங்களுக்கு ரொம்ப ஒத்துழைத்தது. 18-ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் மேற்கே வெள்ளிக்குப் பக்கத்திலேயே சனி. (சனிக்கிழமையில் சனி தரிசனம், அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.) கிழக்கே செவ்வாய். ஜனவரி 16-ம் தேதிதான் சூரியனுக்கு நேர் எதிரே வந்திருந்தது, பூமியிலிருந்து 9.6 கோடி கிலோமீட்டர். இருட்டியதும் எழுந்து ராத்திரி முழுக்க இருக்கும். டெல்லிப் புகையையும் மீறிச் செக்கச்செவேல் என்று தெரிந்தது. பைனாகுலரில் வியாழனைப் பார்த்தால் பக்கத்தில் வரிசையாக நிலாக்கள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நிலாக்கள்.

அக்காவிடம் ஃபோனில் பெரியவள் எல்லாவற்றையும் கொட்டினாள். தோஷக் கணக்கையும் சேர்த்து. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சராயிற்றே, வீட்டுப்பாடம் கொடுத்தாள். "புனர்பூசம் ரெண்டு நட்சத்திரம் இருக்கு பாரு, அதுக்குப் பக்கத்துல செவ்வாய் எங்க இருக்குன்னு தினம் ஒரு புள்ளி வை. ஒரு மாசம் வை. அப்புறம் அத்தைக்கு ஃபோட்டோ அனுப்பு."

வைத்தாள். ஜனவரி 20-ஐ ஒட்டி இரண்டு நட்சத்திரத்தோடும் ஒரே வரிசையில் நின்ற செவ்வாய், நாளாக நாளாக மேற்கே தள்ளிப் போனது. மற்ற நாளில் கிழக்கே நகரும் கோள் ஏன் பின்னால் போகிறது? உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி அதை முந்துகிறது, ராஜதானி முந்தும்போது பக்கத்து கூட்ஸ் வண்டி பின்னால் போவது மாதிரி தெரிகிறதே, அப்படி. நான் சொல்லி முடிக்கும் முன் பாட்டி, "அதான் வக்ரம். பஞ்சாங்கத்துல போட்டிருக்கு பாரு" என்று எடுத்து வந்தார். பெரியவள் கண்கள் விரிந்தன. முன்னாலேயே அச்சடித்த புத்தகத்தில் இன்றைக்கு வானத்தில் நடப்பது இருக்கிறதே! அன்றிலிருந்து பாட்டிக்கும் பேத்திக்கும் புது கூட்டணி. பாட்டி பஞ்சாங்கத்தைப் படிக்க, இவள் மாடிக்குப் போய்ச் சரிபார்ப்பாள்.

அதிலும் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தாள். 2023-ல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே சனி எப்படி இரண்டு தேதியில் மாறும்? நல்ல கேள்வி. இதே கேள்வியை வைத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி மல்லுக்கட்டியிருக்கிறார். தொலைநோக்கியில் பார்த்து 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர், 1874-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பற்றி ஜனங்களுக்காகப் புத்தகம் போட்டவர். வானத்தில் தெரிவதோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்று அவர் வாதாடினார். ராசிக்கு மேலே கோடு போட்டு வைக்கவில்லை, அதனால் வெறும் கண்ணால் பார்த்துப் பெயர்ச்சிக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் வக்ரம் எப்போது திரும்புகிறது என்பதை நோட்டுப் புள்ளியே காட்டிக்கொடுத்துவிடும்.

பிப்ரவரி நடுவில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். பெட்டி கட்டும்போது ஜாதகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். "நீங்க வெச்சா தொலைச்சுடுவீங்க" என்று உள்ளே போட்டுக்கொண்டார். தோஷம் பற்றி அதற்கப்புறம் எங்களிடம் பேசவில்லை. மனசு மாறியதா என்று நான் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி கடைசி வாரம் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன். என்னோடு இரண்டு வார்த்தை, நேராகப் பேத்தியிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் கேட்டது.

"வக்ர நிவர்த்தின்னு போட்டிருக்கான்டீ. அங்க திரும்பித்தா?"

"ஒரு வாரமா ஒரே இடத்துல நிக்குது பாட்டி. இன்னிக்கு ஒரே மேகம். நாளைக்குப் பார்த்துட்டு சொல்றேன்."

"அத்தைக்கும் சொல்லிடு."

"அத்தை பார்த்துட்டுதான் இருக்காங்க பாட்டி, அவங்க வீட்டு மாடிலேர்ந்து."